இங்கிலாந்தில் கோல்டன் ஃபெசன்ட் வளர்க்கத் தொடங்குவோருக்கு: விளம்பரப் பெயர் முதல் பதிவு எண் வரை

தங்க நிறக் கொண்டையும் செக்கச்சிவந்த மார்பும் நீண்ட வாலும் கொண்ட கோல்டன் ஃபெசன்டைப் பூங்காவிலோ நண்பர் வீட்டுத் தோட்டத்திலோ பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பின்புறத்திலும் ஒரு சோடி வளர்க்கலாமே என்று நினைக்கும் தமிழர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இங்கிலாந்தில் இப்பறவையை வளர்க்கத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் கட்டாயப் பதிவு உண்டு, மீறினால் குற்றமாகும் சில விதிகள் உண்டு, வீட்டுப் பத்திரத்தில் தடை இருக்கக்கூடும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தின் பொறுப்பில் இருப்பதால், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்வதில்லை. பலநாள் அலைந்து நான் திரட்டியவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலோர் பறவையை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு இடத்தையும் விதியையும் யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இங்கு சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸ் பெரும்பாலும் இதை ஒத்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பதிவு முறை வேறு என்பதால் அங்கு வசிப்போர் தத்தம் அரசுத் தளத்தைப் பார்க்க வேண்டும். விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர் மாறும்.

1. விளம்பரத்தில் வரும் பெயர்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

இணையத்தில் ‘கோல்டன் ஃபெசன்ட்’ என்று ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பறவையாக இருக்காது. அந்தப் பெயரில் மதுக்கடைகளும் விடுதிகளும் உள்ளன. ஸ்லோவாக்கிய நாட்டின் ‘ஸ்லாட்டி பஜாண்ட்’ என்ற பீர் வெளிநாடுகளில் இதே ஆங்கிலப் பெயரில் விற்கப்படுகிறது. அடுத்து வருவது தூண்டில் மீன்பிடிப்போருக்கான இறகு விளம்பரங்கள். சால்மன் மீனுக்கான செயற்கை ஈக்களைக் கட்டுவோர் இப்பறவையின் கொண்டை இறகை ‘டாப்பிங்’ என்றும், கழுத்தைச் சுற்றியுள்ள இறகை ‘டிப்பெட்’ என்றும் அழைக்கிறார்கள். அவர்களுடைய செய்முறைக் குறிப்புகளில் ‘ஜி.பி.’ என்ற இரண்டு எழுத்துக்கு இந்தப் பறவை என்றே பொருள். ஆகவே ‘கோல்டன் ஃபெசன்ட் முழுத் தலை, பத்துப் பவுண்டு’ என்று கண்டால் மலிவு என்று மகிழ வேண்டாம்; அது பதப்படுத்திய தோல்.

உயிருள்ள பறவைகளின் விளம்பரத்திலும் பெயர் ஒரே பொருளில் வருவதில்லை. அடைமொழி இல்லாத ‘கோல்டன்’ என்பதும் ‘ரெட் கோல்டன்’ என்பதும் பொதுவாகச் சிவந்த உடலுடைய இயல்பான பறவையைக் குறிக்கும். அறிவியல் பெயர் கிரைசோலோபஸ் பிக்டஸ். ‘யெல்லோ கோல்டன்’ என்பது சிவப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக உள்ள, வளர்ப்பில் நிலைநிறுத்தப்பட்ட நிறமாற்றம். இத்தாலியப் பேராசிரியர் கீஜியின் பெயரால் ‘கீஜி’ என்றும் சிலர் குறிப்பிடுவார்கள். தொண்டையும் கன்னமும் கறுத்த வகை ‘டார்க் த்ரோட்டட்’, வெளிறிய வகைகள் ‘சினமன்’, ‘சால்மன்’ ஆகும். இவை எல்லாம் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகள்தாம். தனி இனங்கள் அல்ல.

வெறும் ‘சைனீஸ் ஃபெசன்ட்’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். கோல்டன் ஃபெசன்ட் சீனாவின் நடு, மேற்கு மலைக்காடுகளுக்கு உரியதுதான் என்றாலும், வேட்டைக்காக வளர்க்கப்படும் சாதாரண ஃபெசன்டின் கழுத்து வளையமுள்ள வகைக்கும் அந்தப் பெயர் நெடுங்காலமாக வழங்குகிறது. ‘கோல்டன் ஆம்ஹர்ஸ்ட்’, ‘ஆம்ஹர்ஸ்ட் கிராஸ்’, ‘ரெயின்போ’ ஆகிய பெயர்கள் பெரும்பாலும் ‘லேடி ஆம்ஹர்ஸ்ட்’ என்ற வேறொரு ஃபெசன்ட் இனத்தோடு சேர்ந்த கலப்பினத்தைக் குறிக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

எண் குறிப்புகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புள்ளிக்கு முன்னுள்ள எண் சேவல், பின்னுள்ள எண் பெட்டை. ‘1.1’ என்றால் ஒரு சோடி, ‘1.2’ என்றால் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும், இதையே ‘ட்ரையோ’ என்றும் எழுதுவார்கள், ‘0.1’ என்றால் பெட்டை மட்டும். மூன்றாவதாக ஓர் எண் இருந்தால் அது பால் தெரியாத குஞ்சுகளின் எண்ணிக்கை. ‘அன்ரிலேட்டட்’ என்பது உடன்பிறந்தவை அல்ல என்ற உறுதிமொழி. ‘ஸ்பிளிட்’ என்பது வெளியே தெரியாத நிறமாற்றம் மரபில் மறைந்திருப்பதைச் சொல்கிறது. சிவந்த பறவைகளையே பெருக்க விரும்புவோர் ஸ்பிளிட் பறவையைத் தவிர்க்க வேண்டும்.

2. வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், திட்ட அனுமதி

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். வாய்மொழிச் சம்மதம் போதாது. வீட்டு முகவர் மாறினால் அது செல்லாக்காசு.

சொந்த வீடாக இருந்தாலும் பத்திரத்தில் கோழி முதலிய பறவைகளை வளர்க்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். குறிப்பாகப் புதிதாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த கோப்பில் உரிமைப் பதிவேட்டின் நகல் இருக்கும். இல்லையென்றால் நிலப் பதிவகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் 7 பவுண்டு கட்டி உடனே இறக்கிக்கொள்ளலாம். தேடலில் மேலே வரும் தனியார் தளங்கள் அதே நகலுக்குப் பல மடங்கு வசூலிக்கும் என்பதால் முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் 1950ஆம் ஆண்டின் அலாட்மென்ட் (வாடகைத் தோட்டத் துண்டு நிலம்) சட்டத்தைக் காட்டி, பத்திரத்தில் எந்தத் தடை இருந்தாலும் பறவை வளர்க்கலாம் என்பார்கள். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு பேசுவது பெட்டைக்கோழிகளையும் முயல்களையும் பற்றி. ஃபெசன்டுக்கு அதை நம்பிக் கூண்டு கட்டுவது சரியல்ல.

திட்ட அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டு வளாகத்தில் செல்லப் பறவைகளுக்கான கூண்டு, தோட்டக் கொட்டகைக்குரிய பொது அனுமதிக்குள் அடங்கும். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டின் முகப்புக்கு முன்னால் கட்டக் கூடாது. வீடு நீங்கலான நிலத்தில் பாதிக்கு மேல் கட்டுமானங்கள் மூடக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை. பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் உள்ளூர் மன்றத்திடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இந்தச் சேவல் நாட்டுச் சேவலைப்போல் நீளமாகக் கூவாது. வசந்த காலத்தில் உலோகத்தைத் தட்டுவதுபோன்ற குறுகிய, கூர்மையான ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பும். அது எல்லோருக்கும் தொல்லையாகத் தோன்றாது. ஆனாலும் முறையீடு வந்தால் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மன்றம் விசாரிக்கலாம்.

3. கூண்டு: செலவில் பெரும்பகுதி இங்குதான்

பறவையின் விலையைவிடக் கூண்டின் விலை பல மடங்கு ஆகும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள். ஒரு சேவலுக்கும் இரண்டு பெட்டைகளுக்கும் 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் என்பதை நான் குறைந்த அளவாகக் கருதுகிறேன். இதைவிடச் சிறிய கூண்டுகளில் வளர்ப்போர் இருக்கிறார்கள். அங்கே சேவலின் வால் கம்பியில் உரசி முறிந்துபோவதையும், பெட்டைகளுக்கு ஒதுங்க இடமில்லாமல் முதுகு இறகு உதிர்வதையும் பார்க்கலாம். மரச் சட்டம், கம்பி வலை, கதவு, சிறு கொட்டகை எல்லாம் சேர்த்து, நீங்களே கட்டினால் 400 முதல் 700 பவுண்டு வரை ஒதுக்கி வையுங்கள். ஆள் வைத்துக் கட்டினால் ஆயிரத்தைத் தாண்டும்.

பக்கங்களுக்கு 13 மில்லிமீட்டர் கட்டமுள்ள, பற்றவைத்த கம்பி வலையே வேண்டும். மலிவான அறுகோணக் கோழி வலையை நரி கடித்துக் கிழித்துவிடும். அதன் பெரிய துளைகளில் எலிக்குஞ்சும் வீசல் எனப்படும் மரநாய் இனச் சிறு விலங்கும் எளிதில் நுழையும். வலையை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணில் இறக்குங்கள், அல்லது தரைமட்டத்தில் வெளிப்பக்கமாக அரை மீட்டர் படுக்க வைத்துக் கற்களால் அழுத்துங்கள். லண்டன் போன்ற நகரங்களில் நரி இரவில் மட்டுமே வரும் என்று நினைக்க வேண்டாம்.

கூரை பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மிரண்ட ஃபெசன்ட் பக்கவாட்டில் ஓடுவதைவிடச் செங்குத்தாக மேலே எழும்பும். கூரை கடினமான கம்பி என்றால் மண்டை உடையும். அதனால் திறந்த பகுதிக்கு மென்மையான நைலான் வலையே நல்லது என்று அனுபவமுள்ளோர் சொல்வார்கள். ஆனால் நைலான் வலை பனிப்பொழிவின் எடையில் தொய்ந்து கிழியும். மேலும், பறவைக் காய்ச்சல் பரவும் குளிர்காலங்களில் அரசு எல்லாப் பறவைகளையும் அடைத்து வைக்க ஆணையிடும்போது வெளிப்பறவைகளின் எச்சம் உள்ளே விழாத கூரை வேண்டும், வலைத்துளை 25 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எனவே நைலான் வலைக்கு மேலே ஒளி ஊடுருவும் கூரைத் தகடுகளை மாட்டிக் கழற்றும்படி உறுதியான குறுக்குச் சட்டங்களைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். பின்னர் சேர்ப்பது இருமடங்குச் செலவு.

கதவு ஒன்று போதாது. வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி கட்டாயம் இருக்கட்டும். இது வசதிக்காக மட்டும் அன்று. கோல்டன் ஃபெசன்ட், 1981ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 9ஆம் அட்டவணையில் உள்ள இனம். அதை இயற்கையில் விடுவதும், தப்பிப்போக அனுமதிப்பதும் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி குற்றம். நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தீர்கள் என்று காட்ட முடிந்தால்தான் தற்காப்பு உண்டு. இரட்டைக் கதவு அந்த முன்னெச்சரிக்கைகளில் முதன்மையானது. ‘வளர்க்க முடியவில்லை, காட்டில் விட்டுவிடலாம்’ என்ற எண்ணம் ஒருபோதும் வேண்டாம்.

கூண்டின் ஒரு பகுதியில் நல்ல நிழல் வேண்டும். இவை அடர்ந்த புதர்க்காட்டுப் பறவைகள். நாள் முழுதும் வெயிலில் இருந்தால் சேவலின் நிறம் வெளிறிவிடும். குளிரை நன்றாகத் தாங்கும். ஈரச் சேற்றைத் தாங்காது. நீர் வடியும் மணல் அல்லது மரச்சில்லுத் தரை, உறங்க உயரமான கிளை, பெட்டைகள் மறைய இரண்டு மூன்று புதர்கள், காற்றைத் தடுக்கும் ஒரு மூலை, இவ்வளவும் இருந்தால் போதும்.

4. பறவையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

இங்கிலாந்தில் விற்கப்படும் கோல்டன் ஃபெசன்டுகளில் லேடி ஆம்ஹர்ஸ்ட் ஃபெசன்டின் கலப்பு பரவலாக உண்டு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கூடினால் பிறக்கும் குஞ்சுகளும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். ஆகவே கலப்பு தலைமுறை தலைமுறையாக மறைந்தே தொடரும். அழகுக்காக மட்டும் ஒரு சேவலை வளர்ப்பவருக்கு இது பெரிய குறையன்று. குஞ்சு பொரித்துப் பிறருக்குக் கொடுக்க நினைப்பவர் கட்டாயம் தூய பறவையையே வாங்க வேண்டும். ஏனெனில் கலப்பினத்தை விற்றவர் யார் என்ற கேள்வி கடைசியில் உங்களிடம்தான் வரும்.

சேவலில் அடையாளம் எளிது. தூய கோல்டன் சேவலின் கொண்டை முழுதும் பொன்மஞ்சள். கழுத்தைச் சுற்றி விசிறிபோல் விரியும் இறகுகள் ஆரஞ்சு நிறத்தில் கருநிற ஓரம் கொண்டவை. மார்பும் வயிறும் சீரான சிவப்பு. கால் மஞ்சள் கலந்த நிறம். கொண்டையில் சிவப்புச் சாயல் தெரிந்தாலோ, கழுத்து விசிறியில் வெள்ளை கலந்திருந்தாலோ, வயிற்றில் வெண்திட்டு இருந்தாலோ, கால் நீலச்சாம்பல் நிறமாக இருந்தாலோ ஆம்ஹர்ஸ்ட் இரத்தம் உண்டு என்று கொள்ளலாம்.

பெட்டையில்தான் ஏமாறுவார்கள். இரண்டு இனப் பெட்டைகளும் பழுப்பில் கருவரி போட்டவை. புகைப்படத்தில் பார்த்தால் வேறுபாடு புலப்படாது. அதனால் விற்பவரிடம் காலின் படத்தையும் கண்ணைச் சுற்றிய தோலின் படத்தையும் தனியே கேளுங்கள். கோல்டன் பெட்டையின் கால் மங்கிய மஞ்சள். ஆம்ஹர்ஸ்ட் பெட்டையின் கால் நீலச்சாம்பல், கண்ணைச் சுற்றிய தோலும் நீலச்சாயல் உடையது, உடலும் சற்றுப் பெரியது. இரண்டு இனங்களையும் ஒரே கூண்டில் வைத்திருப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வயதையும் கவனியுங்கள். சேவலுக்கு முழு நிறம் வருவது இரண்டாம் ஆண்டில்தான். முதலாண்டு இலையுதிர்காலத்தில் அது ஏறக்குறைய பெட்டை நிறத்தில், அங்கங்கே சிவப்பு இறகுகளோடு இருக்கும். எனவே ‘இந்த ஆண்டுக் குஞ்சுகள், ஒரு சோடி’ என்ற விளம்பரத்தில் பால் தவறாகச் சொல்லப்பட்டிருக்க வாய்ப்புண்டு. வளர்ந்த சேவலின் கருவிழி வளையம் வெளிர்மஞ்சள், பெட்டையுடையது பழுப்பு; இளம் சேவலின் கண்ணும் சீக்கிரமே வெளிறத் தொடங்கும். கண் ஒன்றைப் பார்த்தாலே பாதித் தவறைத் தவிர்க்கலாம். இன்னொன்று: கோடையின் பிற்பகுதியில் சேவல்கள் இறகு உதிர்த்து, வாலிழந்து நிற்கும். ஆகஸ்டில் வெளியான விளம்பரத்தில் குறையில்லாத நீண்ட வாலோடு ஒரு சேவல் நின்றால், அது பழைய படமாகவோ பிறருடைய படமாகவோ இருக்கலாம். தேதியிட்ட காணொளி கேளுங்கள்.

5. வாங்குதல்: காலம், விலை, தாள்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வாங்க நல்ல காலம். வளர்ப்போர் அந்த ஆண்டுக் குஞ்சுகளைக் குளிர்காலத்துக்கு முன் குறைக்க விரும்புவார்கள். தெரிவும் அதிகம், விலையும் குறைவு. இளம் சோடி ஒன்று 40 முதல் 80 பவுண்டுக்குள் கிடைக்கும். முழு நிறம் வந்த சேவலுக்குச் சற்றுக் கூடுதல். மார்ச்சுக்குப் பிறகு வாங்கினால் புது இடத்துக்குப் பழகுவதற்குள் இனப்பெருக்கக் காலம் தொடங்கிவிடும். சேவல் பெட்டைகளைத் துரத்தும் சிக்கலும் சேர்ந்துவரும். ஒரு சேவலுக்கு இரண்டு முதல் நான்கு பெட்டைகள் பொருத்தமான எண்ணிக்கை. பெட்டைகள் இருக்கும் கூண்டில் இரண்டு சேவல்களை விடக் கூடாது.

முன்பணம் அனுப்பச் சொல்பவரிடமிருந்து விலகுங்கள். நேரில் போய்ப் பார்த்து, பறவையைக் கையில் பிடித்துக் காட்டச் சொல்லி, பிறகு பணம் கொடுங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் பெயரைச் சொல்லி, ‘சைட்டிஸ் சான்றிதழுக்கு’ என்று தனிக் கட்டணம் கேட்டால் அது ஏமாற்று. கோல்டன் ஃபெசன்ட் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியல்களில் இல்லை. நாட்டுக்குள் விற்கவோ வாங்கவோ அந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதே விற்பனையாளரிடம் எலியட் ஃபெசன்ட் போன்ற இனங்களையும் பார்த்து ஆசைப்பட்டால் கதை வேறு: அது முதல் பட்டியலில் உள்ளது. வளர்ப்பில் பிறந்த பறவைக்கு விற்பனைச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. பெயர்ப் பலகையில் எல்லாமே ‘ஃபெசன்ட்’ என்றுதான் இருக்கும். விதிகள் இனத்துக்கு இனம் மாறும்.

ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் இனத்தின் பெயர், எண்ணிக்கை, பால், பொரித்த ஆண்டு, கால் வளைய எண் இருந்தால் அந்த எண், தேதி, கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த நாள் ஆகியவை இருக்கட்டும். அடுத்த படிக்கு வாங்கிய தேதிதான் அடிப்படை. கொண்டுவரும்போது வாலை மடக்காத நீளமான அட்டைப்பெட்டி, காற்றுத் துளைகள், உள்ளே இருட்டு. பெட்டிக்கு ஒரு பறவை.

6. பதிவு: இலவசம், ஆனால் கட்டாயம்

2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு பறவை வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் 50 அல்லது அதற்கு மேற்பட்ட பறவைகளை வைத்திருப்போருக்கு மட்டுமே இது கட்டாயமாக இருந்தது; பழைய தகவலை நம்பி ‘நாலு பறவைக்கு என்ன பதிவு’ என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். பறவை வந்து ஒரு மாதத்துக்குள் விலங்கு, தாவர நல முகமையிடம், அதாவது எல்லோரும் ‘ஆஃபா’ என்று சொல்லும் அலுவலகத்திடம், இணையவழியிலோ படிவத்திலோ பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கப்படும் கிளி, சிட்டு வகைகளுக்கு விலக்கு உண்டு, ஃபெசன்டுக்கு இல்லை.

கேட்கப்படும் விவரங்கள் எளியவை: உங்கள் பெயரும் தொடர்பு முகவரியும், பறவைகள் இருக்கும் இடத்தின் முகவரி, இனம், வழக்கமான எண்ணிக்கை, எதற்காக வளர்க்கிறீர்கள் என்பது. 50 பறவைகளுக்குக் குறைவாக வைத்திருப்போருக்கு, பண்ணை நிலத்துக்கு அரசு தரும் அடையாள எண்ணான நில உடைமை எண் தேவையில்லை. படிவத்தில் இனத்தைக் குறிக்கும்போது ‘ஃபெசன்ட்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு வேட்டைப் பறவை வளர்ப்போருக்குரிய நோக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். உங்கள் நோக்கம் அழகுக்கும் பொழுதுபோக்குக்கும் வளர்ப்பது. பறவைகள் கூடினாலோ, வீடு மாறினாலோ, வளர்ப்பதையே நிறுத்தினாலோ தெரிவிக்க வேண்டும். பதிவு எண் வந்த மின்னஞ்சலை அச்செடுத்து ரசீதோடு ஒரே கோப்பில் வையுங்கள்.

7. பறவைக் காய்ச்சல் காலம்

பதிவின் நோக்கமே இதுதான்: நோய் பரவும்போது உங்களுக்குத் தகவல் வரும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி வழக்கமாக 3 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு வலயமும் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வலயமும் அறிவிக்கப்படும். அவற்றுக்குள் பறவையை இடம் மாற்றத் தடை அல்லது உரிமத் தேவை இருக்கும். வாங்கப் போகும் ஊரும் உங்கள் ஊரும் வலயத்துக்குள் இருக்கின்றனவா என்பதை அரசின் ஊடாடும் வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டுக் கிளம்பும் அன்று காலையில் பாருங்கள். முந்தின வாரம் பார்த்தது போதாது.

அன்றாடத்தில் செய்ய வேண்டியவை சில. தீவனமும் தண்ணீரும் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். கூண்டுக்கென்று தனிக் காலணி வைத்து, வாயிலில் அங்கீகரிக்கப்பட்ட கிருமிநாசினித் தொட்டி வையுங்கள். பறவைகள் வந்ததும் போனதும், யார் கூண்டுக்குள் வந்தார்கள் என்பதும் ஒரு நோட்டில் ஏறட்டும். காரணமின்றிப் பறவைகள் அடுத்தடுத்து இறந்தாலோ, தலை வீங்கி மூச்சுத் திணறினாலோ சொந்த வைத்தியம் பார்க்காதீர்கள். இந்த நோயை அரசுக்கு அறிவிப்பது சட்டக் கடமை.

8. தீவனம்: நம் வீட்டுச் சமையலறை இங்கே உதவாது

ஊரில் கோழிக்கு மீந்த சோற்றையும் இட்லியையும் போட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்நாட்டில் கோழி இனப் பறவைகளுக்குச் சமையலறை மிச்சத்தைக் கொடுப்பது சட்டப்படி தடை. செல்லமாக வளர்த்தாலும் அப்படித்தான். முழு வீகன் வீட்டுக்கு மட்டுமே விலக்கு. நாங்கள் சைவம் என்பது போதாது. பாலும் நெய்யும் புழங்கும் சமையலறை என்றால் அதன் வழியாக வந்த காய்த்தோல்கூடக் கூடாது. தோட்டத்தில் பறித்த கீரையை அடுப்படிக்குக் கொண்டுபோகாமல் நேரே கூண்டில் போடலாம்.

கடையில் ஃபெசன்டுக்கென்றே குருணைத் தீவனம் கிடைக்கும். 20 கிலோ மூட்டை 12 முதல் 18 பவுண்டு வரை. மூன்று பறவைகளுக்கு ஒரு மூட்டை பல வாரங்கள் வரும். இலையுதிர்காலம், குளிர்காலத்தில் பராமரிப்புத் தீவனமும் கொஞ்சம் கோதுமையும் போதும். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து புரதம் கூடிய இனப்பெருக்கத் தீவனத்துக்கு மாற்றுங்கள். திறந்த தட்டில் வைத்தால் எலி வரும். பறவை மிதித்தால் திறக்கும் பெட்டி 40 பவுண்டு அளவில் கிடைக்கும், வாங்கத் தகுந்தது.

கூண்டு மண்ணில் வளரும் பறவைக்குப் புழுத்தொல்லை நிச்சயம். மூச்சுக்குழாயில் தங்கும் புழு வந்தால் பறவை கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். ஃபெசன்டுக்கு அனுமதிக்கப்பட்ட ஃபுளுபெண்டசோல் மருந்தைத் தீவனத்தில் கலந்து ஏழு நாள் கொடுப்பது வழக்கம். தகுதி பெற்ற விற்பனையாளர் அளவு சொல்லித் தருவார். நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவமனைகள் பல. பறவை பார்ப்பவர் உங்கள் பகுதியில் யார் என்பதை நோய் வருமுன் விசாரித்து வையுங்கள். ஆலோசனைக் கட்டணம் மட்டுமே பறவையின் விலையை எட்டிவிடும்.

9. முட்டையும் குஞ்சும், விற்பதானால்

பெட்டைகள் ஏப்ரலில் முட்டையிடத் தொடங்கும். ஓர் ஈட்டுக்கு 8 முதல் 12 முட்டைகள். அடைக்காலம் 22 முதல் 23 நாட்கள். கூண்டில் வளர்ந்த பெட்டைகளில் பல அடை உட்காராது. பேன்டம் எனப்படும் சிறிய வகை அடைக்கோழியை வைக்கலாம். அல்லது காற்றைச் சுழலவிடும் இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கலாம். நல்ல சிறிய இயந்திரம் 100 பவுண்டுக்கு மேல் ஆகும். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் புரதம் போதாது. வேட்டைப் பறவைக் குஞ்சுகளுக்கான தொடக்கத் தீவனமே வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் முதல் சில நாட்களில் குஞ்சுகள் அதில் விழுந்து மூழ்கிவிடும். இறகு முளைத்ததுமே பறக்கத் தொடங்கும் என்பதால் குஞ்சுப் பெட்டிக்கும் மூடி தேவை.

மிஞ்சும் குஞ்சுகளை விற்பதில் தவறில்லை. ஆனால் தொழிலாகச் செய்தால், விலங்கு நடவடிக்கைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளூர் மன்றத்திடம் உரிமம் பெற வேண்டிவரும். பொழுதுபோக்கு வளர்ப்பில் மிஞ்சியதை எப்போதாவது கொடுப்பதற்கு அது தேவைப்படாது. இத்தகைய சில்லறை வருமானம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்குள் இருந்தால் வரித்துறைக்கும் பொதுவாகத் தெரிவிக்க வேண்டியதில்லை. 16 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது விலங்கு நலச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தில் நிறவகை, பொரித்த ஆண்டு, எண்ணிக்கைக் குறிப்பு, ஸ்பிளிட் என்றால் எதன் ஸ்பிளிட், தாய்ப்பெட்டையின் காலின் படம் ஆகியவற்றை நீங்களே முன்வந்து போட்டுவிடுங்கள். வாங்குபவரிடம் அவர் பதிவு செய்ய ஒரு மாதக் கெடு இருப்பதையும் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.